சொத்து மாற்றுச் சட்டத்துக்கு எந்த கைடு வாங்குவது?

ஜூன் 8, மாலை

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். அவள் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"அக்கா, அடுத்த செமஸ்டரில் சொத்து மாற்றுச் சட்டம் வருது. எங்க செட்டில் எல்லாரும் அந்த ஒல்லிக் கேள்வி-பதில் கைடு ஒண்ணே போதும், பாஸ் நிச்சயம்னு சொல்றாங்க. பேர் ஆக்ட் (சட்டத்தோட பிரிவுகளை மட்டும் அச்சடிச்ச புத்தகம்) வாங்குறது வீண் செலவாம், அதுல விளக்கமே கிடையாதாம். என் கையில முந்நூறு ரூபாய்தான் இருக்கு. எதை வாங்கட்டும்?"

ஜூன் 8, இரவு

பேர் ஆக்ட் வாங்கும்மா. மிச்சப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். இரண்டாவது புத்தகத்தைப் பற்றிப் பத்து நாள் கழித்து யோசிக்கலாம்.

அதில் விளக்கமே இல்லை என்பவர்கள் திறந்து பார்க்காமல் சொல்கிறார்கள். 35ஆம் பிரிவுக்குக் கீழே சுல்தான்பூர் பண்ணை என்று ஓர் உதாரணம் வரும். பண்ணை 'சி'க்குச் சொந்தம், மதிப்பு 800 ரூபாய். 'ஏ' அதைத் தன் சொத்துபோல 'பி'க்குத் தானம் எழுதிவிட்டு, அதே பத்திரத்தில் 'சி'க்கு 1,000 ரூபாய் கொடுக்கிறார். பண்ணையை விட மாட்டேன் என்று 'சி' சொன்னால் ஆயிரம் ரூபாய் போய்விடும். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். கைடு நான்கு பக்கத்துக்கு நீட்டுகிற விஷயத்தை 1882இல் நான்கு வரியில் முடித்திருக்கிறார்கள். 43ஆம் பிரிவிலும் இதேபோல மூன்று வயல் வைத்து ஒரு கதை உண்டு. மொத்தம் 137 பிரிவுகள்தான். தினம் ஐந்து என்று உட்கார்ந்தால் ஒரு மாதம்கூட ஆகாது.

நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் நெல்லை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் அம்பாசமுத்திரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கிரயம், செட்டில்மெண்ட், ஒத்தி, விடுதலைப் பத்திரம் எல்லாம் தூக்கத்திலும் அடிப்பேன். அதனாலேயே இந்தப் பாடம் எனக்குப் புதிதில்லை என்று நினைத்து ஒல்லி கைடை மட்டும் வாங்கினேன். அந்தத் தாளில் அரியர் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை, அடுத்த முறை எழுதிவிட்டேன். அந்தக் கைடை நம்பி என் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நூறு ரூபாய்க்கு மேல் என்றால் பதிவு, இரண்டு சாட்சி, இந்த அளவு எந்தக் கைடிலும் இருக்கும். அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜூன் 9, காலை

நேற்று ராத்திரி அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். எல்லாப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சி என்று சட்டம் சொல்லவில்லை. தானத்துக்கு 123, அடமானத்துக்கு 59, இந்த இரண்டு இடத்திலும் சாட்சிக் கையெழுத்து கட்டாயம் (பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் அடமானத்துக்கு இது கிடையாது). கிரயத்துக்கான 54ஆம் பிரிவில் பதிவு உண்டு, சாட்சி என்ற பேச்சே இல்லை. குத்தகைக்கான 107லும் இல்லை. சார்பதிவாளர் முன்னால் ஆளை அடையாளம் காட்ட இரண்டு பேர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துப் பார்த்து, கிரயத்துக்கும் சாட்சி கட்டாயம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆறு வருடம் டைப் அடித்த கையே இப்படித் தடுமாறினால், முதல் தடவை படிப்பவர்கள் என்ன செய்வார்கள்? காலையில் பேர் ஆக்டை எடுத்து நான்கு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

ஜூன் 10

சரி, கடையில் நின்றுகொண்டே ஒரு கைடு தேறுமா தேறாதா என்று பார்ப்பது எப்படி? அட்டையை நம்ப வேண்டாம். புதிய பதிப்பு என்று போட்டிருப்பார்கள், உள்ளே தாள் மட்டும்தான் புதிதாக இருக்கும். நான் நான்கு இடத்தைப் புரட்டுவேன்.

முதலில் 53ஏ. கிரய அக்ரிமெண்ட் போட்டு, முன்பணம் கொடுத்து, சுவாதீனமும் (சொத்தைத் தன் கைவசம்) வாங்கிக்கொண்டவருக்கு அந்தப் பிரிவு ஒரு தற்காப்பு கொடுக்கிறது. 1929இல் சேர்த்தது. 2001இல் திருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 24க்குப் பிறகு எழுதிய அக்ரிமெண்ட் பதிவாகியிருந்தால்தான் அந்தத் தற்காப்பு கிடைக்கும். பதிவாகாத அக்ரிமெண்டுக்கும் பாதுகாப்பு உண்டு என்று இன்னும் அச்சடித்துக்கொண்டிருந்தால் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். ஊரில் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எத்தனை அக்ரிமெண்ட் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

அப்புறம் 106. மாத வாடகைக்கு இருப்பவருக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ், விவசாயத்துக்கோ உற்பத்தித் தொழிலுக்கோ விட்ட குத்தகைக்கு ஆறு மாதம். முன்பெல்லாம் நோட்டீஸ் காலம் வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடிய வேண்டும், ஒரு நாள் பிசகினாலும் வழக்கு போச்சு. 2002 கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது மாறிவிட்டது. இப்போது நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நோட்டீஸில் குறித்த நாள் குறைவாக இருந்தாலும், சட்டம் சொல்லும் காலம் கழிந்த பிறகு வழக்குப் போட்டிருந்தால் நோட்டீஸ் செல்லும். கணக்குக் கேள்வி இங்கேதான் வரும். நான் அரியர் வைத்த தாளிலும் வந்தது. என் கைடு பழைய விதியைச் சொன்னது, நானும் நம்பி எழுதினேன்.

மூன்றாவதாக, பவர் பத்திரம். பொது அதிகாரப் பத்திரம், அக்ரிமெண்ட், உயில் மூன்றையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டால் கிரயம் வாங்கியதாகிவிடாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 54ஆம் பிரிவுக்கு விளக்கம் எழுதுகிறவர் இதைத் தொடாமல் போயிருந்தால் அவர் படிப்பது எப்போது நின்றது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, வாடகை. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பழைய சட்டத்தை நடப்புச் சட்டமாக எழுதியிருக்கிற கைடை இன்னும் பார்க்கிறேன்.

நான்கையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்கும் இது தெரிந்தால் நல்லதுதான்.

ஜூன் 12

பெரிய விரிவுரைப் புத்தகமே வாங்கிவிடலாமே, பின்னால் தொழிலுக்கும் ஆகுமே என்று சேரன்மகாதேவி அண்ணாச்சி ஒருவர் கேட்கிறார். அண்ணாச்சி, பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி படிக்கிறவர் நீங்கள். அந்தக் கனத்துக்கு ஒரு பிரிவு முடிப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். அது நூலகத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய புத்தகம். ஒரு பிரிவில் சிக்கல் வந்தால் அந்தப் பிரிவை மட்டும் எடுத்துப் பாருங்கள். சொந்தமாக வாங்குவதை ஆபீஸ் போட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று இருக்கிறது, நடுத்தரப் பாடநூல். முந்நூறு, நானூறு பக்கம் வரும். வழக்கின் பெயரோடு நிறுத்தாமல் என்ன நடந்தது, யார் என்ன கேட்டார், ஏன் அப்படித் தீர்ப்பு என்று மூன்று வரியாவது சொல்லியிருந்தால் அதை வாங்குங்கள். இரண்டாவது புத்தகம் என்று நான் சொன்னது அதைத்தான். சீனியரிடம் பாதி விலைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, முந்தாநாள் சொன்ன நான்கு இடத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒல்லி கைடைப் பற்றி இரண்டு நாளாக யோசிக்கிறேன். அன்றைக்கு அதை ஒரேயடியாகத் தள்ளியது சரியில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அதற்கு வேலை உண்டு. கேள்வி எப்படி வரும், எட்டு வருடமாக எதைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள், ஒரு பதிலை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது, இதெல்லாம் அதில்தான் தெரியும். எங்கள் செட்டில் ஒரு பெண், தன் அப்பா தவறிய வருடம், கடைசி ஒரு வாரம் மட்டும் படித்துப் பாஸ் ஆனாள், கையில் இருந்தது அது ஒன்றுதான். அவளைப் போய் நான் என்ன குறை சொல்ல முடியும்? முதல் புத்தகமாக வேண்டாம், கடைசிப் புத்தகமாக இருக்கட்டும்.

ஜூன் 13

சீனியர் நோட்ஸ் ஜெராக்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பிரிவு எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். நான் வாங்கிய ஜெராக்ஸ் ஏழெட்டுக் கை மாறி வந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் 53 என்பது 58 ஆகியிருந்தது. கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதிய பத்திரத்தைப் பற்றிய பதிலுக்கு அடமானப் பிரிவின் எண்ணைப் போட்டு ஒரு வகுப்பே எழுதி வைத்தோம்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தை கதை.

முக்கூடலில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. 1981 ஆனி மாதம் மாமாவின் வைத்தியச் செலவுக்காக ஆறாயிரம் ரூபாய்க்கு ஒத்தி வைத்தார்கள். பணம் கொடுத்தவர் வீட்டில் இருந்துகொள்வார். வட்டி கிடையாது, வாடகை கிடையாது, மூன்று வருடத் தவணை, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முறையாகப் பதிந்த பத்திரம்தான். மாமா பிழைக்கவில்லை. அத்தை பீடி சுற்றி மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினாள். வீட்டை மீட்கக் கையில் காசு சேரவே இல்லை.

2016 பொங்கலுக்குப் போயிருந்தேன். சட்டம் படிக்கிற பெண் வந்திருக்கிறாள் என்று அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய பத்திரத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "பையன் இப்ப சம்பாதிக்கான், நம்ம வீட்ட மீட்ரலாமா பிள்ள?" என்று கேட்டாள். நான் கணக்குப் போட்டேன். 1984இல் தவணை முடிந்தது. அடமானத்தை மீட்க 30 வருடம் என்று கைடில் படித்திருந்தேன். 2014இல் முடிந்துவிட்டது. "காலம் கடந்துபோச்சு அத்தை" என்று சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. துணியில் பழையபடி சுற்றி, அதே மடிப்பில் மடித்து, பெட்டிக்குள் வைத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2018இல் பாளையங்கோட்டையில் ஒரு சீனியர் வக்கீல் ஆபீசில் சேர்ந்தேன். ஒருநாள் வேறு ஒரு ஒத்தி வழக்குக்காக அய்யா ஒரு தீர்ப்பை எடுக்கச் சொன்னார். சிங் ராம் வழக்கு, 2014. கையில் வைத்துப் படிக்கும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. சுவாதீன அடமானத்தில், அதாவது நம் ஒத்தியில், 30 வருடக் காலவரையறை அடமான நாளிலிருந்தோ தவணை முடிந்த நாளிலிருந்தோ ஓடாது. 62ஆம் பிரிவின்படி, சொத்தின் வருமானத்திலிருந்தே கடன் தீர்ந்த நாளிலிருந்தோ, பணத்தைக் கொடுத்த அல்லது கோர்ட்டில் கட்டிய நாளிலிருந்தோதான் அந்தக் கணக்கு தொடங்கும். நாள் கடந்துவிட்டது என்று மட்டும் சொல்லி, ஒத்தி வாங்கியவர் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. நான் அத்தையிடம் பேசியபோது இந்தத் தீர்ப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் கைடில் ஒரு வரி இல்லை. ஆனால் 62ஆம் பிரிவு 1882லிருந்து பேர் ஆக்டில் இருக்கிறதே! நான் அதைத் திறந்திருந்தால் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். "அய்யாமாரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த பஸ்ஸில் முக்கூடல் போனேன். அய்யாவே நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். பணத்தை வாங்க மறுத்தால் 83ஆம் பிரிவில் கோர்ட்டில் கட்டுவோம் என்று இருந்தோம், தேவைப்படவில்லை. ஒத்தி வாங்கியவர் காலமாகி, அவர் மகன் இருந்தார். அவர் வக்கீலிடம் காட்டிவிட்டு வந்து, "எங்க அப்பாவே குடுக்கணும்னுதான் சொல்லிட்டு இருந்தாரு" என்றார். ஆறாயிரத்தோடு, அவர்கள் போட்ட தளத்துக்கும் ஒரு தொகை பேசி முடித்தோம். ரசீது எழுதிப் பதிந்தபோது அத்தை இடது பெருவிரலை மைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற நான்தான் கையைப் பிடித்து எடுத்து வைத்தேன்.

அந்த இரண்டு வருடம் என் வார்த்தையால் அவள் வீடில்லாமல் இருந்தாள். அதனால்தான் ஒரு கைடைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

ஜூன் 16

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி: "தானம்னா பதிவு கட்டாயம்னு 123 சொல்லுது. எங்க வீட்டுல வாய்மொழியா ஹிபா குடுத்தது செல்லாதா?" செல்லும் தம்பி. 129ஆம் பிரிவைப் பாருங்கள், முஸ்லிம் சட்டத்தின் தான விதிகளை இந்த அத்தியாயம் தொடாது என்று இருக்கிறது. கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, வாங்கிக்கொண்ட சம்மதம், சுவாதீனம் ஒப்படைத்தது, மூன்றும் இருக்க வேண்டும். எழுதி வைத்ததால் மட்டும் பதிவு கட்டாயம் ஆகிவிடாது என்று 2011இல் ஹஃபீஸா பீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தான அத்தியாயத்தைக் கடைசிவரை படிக்காமல் 126ஓடு நிறுத்துகிற கைடுகள் நிறைய. இதை ஐந்தாவது சோதனையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 17

3ஆம் பிரிவு. அசையாச் சொத்து என்றால் என்ன என்று அந்தப் பிரிவு சொல்லவே இல்லை. எதெது சேராது என்று மட்டும் சொல்கிறது: வெட்டுக்கு நிற்கும் மரம், வளரும் பயிர், புல். மிச்சத்தை 1897ஆம் ஆண்டுப் பொதுச் சட்டக்கூறுகள் சட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கைடில் இதற்கு உதாரணம் தேக்கும் மாமரமும்தான். நமக்குப் பனை இருக்கும்போது ஏன் தேக்குக்குப் போக வேண்டும்?

திசையன்விளைப் பக்கம் அம்மாவின் ஊர். விளையில் இருபது பனை. பதநீர் இறக்கிக்கொள்ள ஒருவருக்குப் பணம் பேசிப் பாட்டத்துக்கு விட்டால் மரம் மண்ணில் நின்று வேரால் உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அந்த மரம் அசையாச் சொத்து. அதே பனையை விட்டத்துக்கும் கைமரத்துக்கும் வெட்டிக்கொள்ள என்று விலை பேசி, அடுத்த வாரமே கோடாலி விழப்போகிறது என்றால் அது வெட்டுமரம், அசையும் சொத்து. ஒரே மரம்தான். எதற்காக, எவ்வளவு சீக்கிரத்தில் என்பதில் சட்டம் மாறிவிடுகிறது. 1958இல் சாந்தாபாய் வழக்கில் நீதிபதி போஸ் சொன்ன சோதனை இதுதான். அந்தப் பெண்ணுக்குக் கணவர் எழுதிக் கொடுத்தது காட்டில் புகுந்து பல வருடம் மரம் வெட்டும் உரிமை. பத்திரம் பதிவாகவில்லை, அதனால் நிற்கவில்லை.

ஜூன் 17, இரவு

மேலே எழுதியதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். மரம் அசையாச் சொத்து என்பதனால் பதநீர் இறக்கும் பாட்டம் தானாகவே குத்தகை ஆகிவிடாது. மண்ணில் ஏதாவது உரிமை கொடுத்தார்களா, ஏறி இறக்கிக்கொள்ள அனுமதி மட்டும்தானா என்று வாசகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சையில் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு ஒரு பக்கம் நில்லுங்கள்.

ஜூன் 19

தமிழ் கைடா, இங்கிலீஷ் கைடா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பிரிவை இங்கிலீஷில் படியுங்கள், பத்திரத்தைத் தமிழில் படியுங்கள். தமிழ் கைடுகளில் ஒருவர் பயனுரிமை அடமானம் என்பார், இன்னொருவர் அனுபவ அடமானம் என்பார், மூன்றாமவர் சுவாதீன அடமானம் என்பார். எல்லாம் நம் ஒத்திதான். புத்தகத்துக்குப் புத்தகம் சொல் மாறும்போது புதிதாகப் படிப்பவர் மூன்று வேறு விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, பத்திரத்தில் வரும் சொல்லுக்கு எதிரே பிரிவு எண்ணை எழுதி வைத்தேன். கிரயம் என்றால் 54. வில்லங்கம் ஏதும் இல்லை, இருந்தால் நானே முன்னின்று தீர்த்துத் தருவேன் என்ற வாக்கியம் 55. சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும் என்று எழுதிவிட்டுக் கடைசியில் யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒரு வரி வந்தால் உடனே 10ஆம் பிரிவு. என் ஆயுளுக்குப் பிறகு இன்னார் அடைய வேண்டியது என்றால் 19ஆ (இப்போதே உறுதியான உரிமை) 21ஆ (நிபந்தனையைப் பொறுத்த உரிமை) என்று நின்று யோசிக்க வேண்டும். செக்குபந்திக்கு மட்டும் எதிரே எழுத ஒன்றும் இல்லை, நான்கு எல்லையைச் சட்டம் படித்தா தெரிந்துகொள்ள முடியும், நிலத்தில் போய் நின்றுதான். இந்த நோட்டை நிரப்பியபோதுதான் ஆறு வருடம் நான் டைப் அடித்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பிரிவு இருந்தது தெரிந்தது.

வீட்டில் ஒரு பத்திரமாவது இருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருக்கும். அதை வைத்துக் கைடைப் படியுங்கள்.

ஜூன் 20

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் 105ஆம் பிரிவுக்கு (குத்தகை) நல்ல உதாரணமா என்று அம்பை நண்பர் கேட்கிறார். நல்ல உதாரணம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக்குக் கொடுத்தது, 2028 வரை. எவ்வளவு நீண்ட காலமானாலும் குத்தகையில் மாறுவது அனுபவிக்கும் உரிமைதான், உடைமை மாறாது. ஜமீன் ஒழிந்தபோது நிலம் அரசிடம் வந்தது, குத்தகை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 54ஐ வைத்து ஒப்பிட்டு எழுதினால் திருத்துபவர் நின்று படிப்பார்.

ஜூன் 24

ஈஸ்மெண்ட் சட்டத்தை (அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழி, தண்ணீர் போன்ற உரிமைகள்) கைடுகள் கடைசி எட்டுப் பக்கத்தில் தள்ளிவிடுகின்றன. அதுவும் 1882தான், சொத்து மாற்றுச் சட்டம் அந்த வருடத்து 4ஆம் சட்டம், இது 5ஆம் சட்டம். நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் வருகிற வழக்கைப் பார்த்தால் இதற்கு எண்பது பக்கம் கொடுக்க வேண்டும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மேல் வயல்காரர் வாமடையை அடைத்துவிட்டார், கீழ் வயலுக்குத் தண்ணீர் இல்லை. முப்பது வருடமாக வரப்பு வழியாக நடந்த பாதையில் முள்வேலி. இப்படித்தான் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள்.

20 வருடம் நடந்தால் உரிமை வந்துவிடும் என்று மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். 15ஆம் பிரிவை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். சமாதானமாக, வெளிப்படையாக, உரிமையோடு, இடைவிடாமல் என்று நான்கும் வேண்டும். அந்த 20 வருடம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிய வேண்டும். போன மாதம் ஒரு பெரியவர் குறுக்கு விசாரணையில் மிக மரியாதையாகச் சொன்னார், "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்யா நடப்போம், கேக்காம எப்படி?" என்று. அவர் பண்பு அப்படி. ஆனால் கேட்டுக்கொண்டு நடந்தால் அது அனுமதி, 52ஆம் பிரிவுக்குப் போய்விடும். அவருடைய வயலுக்கு வேறு வழியே இல்லை என்பதால் 13ஆம் பிரிவை வைத்து வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 2

வள்ளியூர்த் தங்கை எழுதியிருக்கிறாள். பேர் ஆக்ட் வாங்கிவிட்டாளாம். நடுத்தரப் பாடநூல் ஒன்று சீனியர் அண்ணன் கொடுத்தாராம், 53ஏவும் 106ம் சரியாக இருக்கிறது, வாடகைச் சட்டம் மட்டும் பழசு என்று அவளே பார்த்துச் சொல்கிறாள். அதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆச்சியின் பெட்டியிலிருந்து ஒரு பத்திரமும் எடுத்திருக்கிறாள். மேலே கிரயப் பத்திரம் என்று இருக்கிறதாம், கடைசிப் பாராவில் ஐந்து வருடத்துக்குள் இந்தத் தொகையைக் கொடுத்தால் நிலத்தைத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதாம். "இது 54ஆ, 58ஆ அக்கா?" என்கிறாள்.

58(சி)யும், அதற்குக் கீழே 1929இல் சேர்த்த நிபந்தனையும் படி. திருப்பிக் கொடுக்கும் வாசகம் அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானம் என்று பேசவே முடியும், தனிப் பத்திரத்தில் இருந்தால் கதவு மூடிவிடும். உள்ளே இருப்பதால் மட்டும் அடமானம் ஆகிவிடாது. வாங்கிய தொகை அன்றைய நில மதிப்புக்குக் குறைவா, பட்டா யார் பெயருக்கு மாறியது, தீர்வை யார் கட்டினார்கள், இதெல்லாம் பார்க்க வேண்டும். பத்திரத்தைப் படமெடுத்து எங்கேயும் போடாதே. ஆச்சியிடம் சரி என்றோ இல்லை என்றோ இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. சனிக்கிழமை மத்தியானம் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வா. வரும்போது வில்லங்கச் சான்றுக்கு மனுப்போட சர்வே எண்ணைத் தனித்தாளில் எழுதி எடுத்து வா.